கிண்டியில் வேலை, கையில் 16,000, ரெண்டு சின்னப் பிள்ளைகள்: தாம்பரத்துக்கு உள்ளேயா, தாண்டியா?

புதுக்குடித்தனம் | ஜனவரி 11, இரவு 9.40

திருநெல்வேலியிலிருந்து ஏப்ரல் கடைசியில் சென்னைக்கு மாறுகிறோம். ஆபீஸ் கிண்டி ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மூத்தவளுக்கு ஜூனில் எல்.கே.ஜி., சின்னவனுக்கு இப்போது எட்டு மாதம். வீட்டம்மா ஆறு மாதம் கழித்துத்தான் வேலைக்குப் போவாங்க. வாடகை 16,000-க்கு மேல் முடியாது.

புரோக்கர் ரெண்டு வீடு சொல்லியிருக்கார். கூடுவாஞ்சேரியில் ரெண்டு பெட்ரூம் 11,000. குரோம்பேட்டையில் அதே அளவு, கொஞ்சம் பழைய வீடு, 15,500. மாசம் 4,500 மிச்சம், கூடுவாஞ்சேரி வீடு புதுசு வேற. இதில் யோசிக்க என்ன இருக்கு? அட்வான்ஸ் போட்டுடலாம்னு இருக்கேன்.

மூணாவது பிளாட்பாரம் | ஜனவரி 11, இரவு 10.05

போடாதீங்க. கூடுவாஞ்சேரின்னா எங்கே? தண்டவாளத்துக்கு ஜிஎஸ்டி ரோடு (திருச்சி நெடுஞ்சாலை) பக்கமா, மறுபக்கமா? ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்? "பைக்ல அஞ்சு நிமிஷம்" பதில் கிடையாது. மேப்பில் அளந்து சொல்லுங்க.

புதுக்குடித்தனம் | ஜனவரி 12, காலை 7.15

மறுபக்கம். மேப்பில் 2.8 கிலோமீட்டர் காட்டுது. புரோக்கர் அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னார், எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணாச்சி?

மூணாவது பிளாட்பாரம் | ஜனவரி 12, இரவு 8.30

எல்லாப் புரோக்கரும் அஞ்சு நிமிஷம்தான்.

கணக்குக்கு வருவோம். கீழே இருக்கிற தொகைகளை உங்க இடத்தில் கேட்டு மாத்திக்குங்க. வரிகளை மட்டும் விட்டுடாதீங்க, அதில்தான் ஏமாறுவது.

கூடுவாஞ்சேரி: வாடகை 11,000. மெயின்டனன்ஸ் 1,500. கோடையில் லாரித் தண்ணீர்ப் பங்கு 1,000. ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், போக வர, 24 நாள்: 960. ஸ்கூல் வேன் 1,800. கேன் தண்ணீர் மாசம் 12, நாற்பது ரூபாய் வீதம் 480. மொத்தம் 16,740.

குரோம்பேட்டை: வாடகை 15,500. மெயின்டனன்ஸ் 500. ஸ்டேஷனுக்கு நடை, ஸ்கூலுக்கு நடை. கேன் 480. மொத்தம் 16,480.

4,500 மிச்சம் எங்கே போச்சு? வீட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போச்சு.

அடுத்து நேரம். குரோம்பேட்டையிலிருந்து கிண்டி ஆறாவது நிறுத்தம், இருபது நிமிஷம் பிடிக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து ஐம்பது நிமிஷம் வச்சுக்குங்க. ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிஷ வித்தியாசம். போக வர எண்பது. 24 நாளுக்கு 32 மணி நேரம். எட்டு மாசப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த 32 மணி நேரமும் ஒருத்தர் தனியாக ரெண்டு பிள்ளையைப் பார்க்கிற நேரம்.

எந்த ஊர் என்பதை ரெண்டாவதாகக் கேளுங்க. முதல் கேள்வி, பிளாட்பாரத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் என்ன இருக்கு.

சம்ப் மூடி | ஜனவரி 12, இரவு 9.10

கணக்கில் ரெண்டு ஓட்டை. ஒண்ணு, அட்வான்ஸ். ஆறு மாசம் கேட்டால் அங்கே 66,000, இங்கே 93,000. இடம் மாறி வருகிற மாசத்தில் அந்த 27,000 கையில் இருக்கணுமே. ரெண்டு, குரோம்பேட்டையில் ஸ்கூலுக்கு நடைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. சீட் எங்கே கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்?

மூணாவது பிளாட்பாரம் | ஜனவரி 12, இரவு 9.22

ரெண்டும் சரி. வேன் ரெண்டு பக்கமும் வந்தால் குரோம்பேட்டை 18,280, அதாவது 1,540 கூட. அப்பவும் 4,500 இல்லை.

மூணாவது பிளாட்பாரம் | ஜனவரி 13, காலை 6.50

நேத்து விட்டுப்போனது. தெற்கு லைனில் தாம்பரம் ஒரு கோடு. பீச் ஸ்டேஷனிலிருந்து வருகிற லோக்கலில் பெரும்பங்கு தாம்பரத்தோடு நின்றுவிடும். மிச்சம்தான் செங்கல்பட்டு வரை. அதனால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரியில் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததுக்கு நிற்கிற நேரம் தாம்பரத்தைவிட நிறைய. ஞாயிற்றுக்கிழமை அட்டவணை இன்னும் மெலிவு, பராமரிப்பு வேலைன்னு ரத்து செய்வதும் பெரும்பாலும் வார இறுதியில்தான். பத்து மணி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கடைசி செங்கல்பட்டு வண்டி எத்தனை மணிக்குன்னு பார்த்துவிட்டு வீடு தேடணும்.

உட்கார்ந்து போகணும்னா வண்டி கிளம்புகிற ஸ்டேஷன் பக்கம் வீடு பாருங்க. தாம்பரத்தில் காலி வண்டி கிளம்பும். குரோம்பேட்டையில் ஏறினால் காலையில் கம்பிதான்.

ஆவடி லோக்கல் | ஜனவரி 13, மதியம் 1.15

மேற்கு லைனும் இதே கதை. ஆவடிக்கு உள்ளே வண்டி வந்துகொண்டே இருக்கும். இந்து காலேஜ், பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர்னு போகப்போக இடைவெளி கூடும். போதாததுக்கு ஃபாஸ்ட் லோக்கல் சின்ன ஸ்டேஷனில் நிற்காது. மேடையில் நின்னு டாட்டா காட்டலாம்.

ஒருத்தர் போன வாரம் தனியே கேட்டார்: அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கூடுவாஞ்சேரியில் வாடகை கம்மி, போகலாமா? போகக்கூடாது. லைன் மாறணும். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சப்வேயில் சென்ட்ரல் பக்கம் போய், மூர் மார்க்கெட் வளாக ஸ்டேஷனில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கணும். ரெண்டு வண்டிக்கும் காத்திருப்பு. ஆபீஸ் எந்த லைனில் இருக்கோ அந்த லைனிலேயே வீடு. எஸ்டேட்காரர்களுக்கு திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி. கிண்டிக்காரர் அங்கே வரவேண்டாம்.

ரெண்டு கிரவுண்ட் | ஜனவரி 13, இரவு 7.48

வாடகைக்குக் கொட்டுவதற்கு அந்தப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போட்டுடலாமே. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வருது.

மூணாவது பிளாட்பாரம் | ஜனவரி 13, இரவு 7.55

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.5 கிலோமீட்டர், திட்டம் பேப்பரில். பேப்பரில் ஓடுகிற மெட்ரோவுக்கு இன்னைக்கே விலை கொடுக்காதீங்க. பஸ் நிலையம் நிஜம், 2023 டிசம்பர் 30-ல் திறந்தாச்சு.

திருநெல்வேலிக்காரருக்கு அது ஒரு லாபம்தான். தென்மாவட்ட பஸ் அங்கேயே முடியுது. ரயிலில் வந்தால் நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும், பிள்ளைகளையும் மூட்டையையும் எழும்பூர் வரை இழுக்கவேண்டாம். ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகிறதுக்காக, 290 நாள் ஆபீஸ் போகிற வழியைத் தீர்மானிக்கக் கூடாது.

அடையாத்தங்கரை | ஜனவரி 14, காலை 10.30

தண்ணி வர்றதைப் பத்தி ஒருத்தரும் பேசலையே? ஜனவரியில் வீடு பார்த்தால் எல்லா ஏரியாவும் அழகாகத்தான் இருக்கும். தரை காய்ஞ்சிருக்கும், ஏரி பச்சையா நிக்கும். "லேக் வியூ"ன்னு போர்டு இருந்தால் ஐப்பசியில் லேக்கே உங்களைப் பார்க்க வரும்.

அடையாறு நதி ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீரை வாங்கிக்கொண்டு முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் கீழே இறங்குது. 2015 டிசம்பரில் அந்த ரெண்டு ஊரிலும் மொட்டை மாடியிலிருந்து ஆட்களை எடுத்தாங்க. 2021 நவம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மறுபடி தண்ணீர். மேற்குத் தாம்பரம்னு விளம்பரத்தில் இருக்கும், போய்ப் பார்த்தால் முடிச்சூர் ரோட்டில் உள்ளே மூணு கிலோமீட்டர். ஊர் முழுக்க மோசம்னு சொல்லலை. மேட்டுத் தெரு, பள்ளத் தெரு உண்டு. அது வாடகையிலேயே தெரியும். ஒரே அளவு வீடு, ரெண்டு தெரு தள்ளி 3,000 குறைவுன்னா வீட்டுக்காரர் தயாள குணம் அதுக்குக் காரணம் இல்லை.

பார்க்க வேண்டியது:

ஈபி மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கு. கீழே பழைய ஆணித் துளை, பழைய பெட்டியின் சதுர அடையாளம், மேலே புதுப்பெட்டி என்றால் ஒருமுறை முங்கியிருக்கு.

காம்பவுண்டுச் சுவரின் பின்பக்கம். முன்பக்கம் பெயின்ட் அடிச்சிருப்பாங்க, பின்னாடி அடிக்க மாட்டாங்க. ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடினால் அதுதான் தண்ணீர் நின்ற உயரம்.

அக்கம்பக்கத்தில் 2016-க்குப் பிறகு கட்டின வீடுகளின் பேஸ்மென்ட். எல்லாரும் ரோட்டிலிருந்து நாலடி தூக்கியிருக்க, உங்க வீடு மட்டும் ரோட்டு மட்டத்தில் இருந்தால் அந்த நாலு வீட்டுத் தண்ணியும் உங்க வாசலுக்கு.

ரோடு வீட்டைவிட உயரமா. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, குரோம்பேட்டை, பல்லாவரம் பழைய தெருக்களில் வாசற்படி கீழே இறங்கிப் போச்சு. புதுக்குடித்தனம், உங்க பழைய வீட்டில் இதை முதலில் பாருங்க.

கடைசியா, புரோக்கரை அனுப்பிட்டு இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரே கேள்வி: "போட் வந்துச்சா?" வெள்ளம் வருமான்னு கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில். போட் வந்ததா இல்லையா என்பதில் யாரும் மழுப்ப முடியாது.

கம்பி சீட் | ஜனவரி 14, காலை 11.02

பெருங்களத்தூர் நெடுங்குன்றம் பக்கம் போட்டுக்குப் பதிலா முதலை வரும். மிக்ஜாம் சமயத்தில் ரோட்டைக் கடந்தது எல்லார் போனிலும் வந்ததே.

அடையாத்தங்கரை | ஜனவரி 14, காலை 11.20

வாடகை தராத ஒரே குடித்தனக்காரர்.

புதுக்குடித்தனம் | ஜனவரி 14, இரவு 9.15

முதலையைப் படிச்சுட்டு வீட்டம்மா ஊரிலேயே இருக்கேங்கறாங்க. விளையாட்டு போகட்டும். தாமிரபரணி குடிச்ச நாக்கு, போர் தண்ணிக்குப் பழகுமா? வீடு பார்க்கப் போகும்போதே தண்ணீரைச் சோதிக்க வழி உண்டா?

சம்ப் மூடி | ஜனவரி 14, இரவு 10.40

உண்டு. இதுதான் நம்ம டிபார்ட்மென்ட்.

எடுத்துப் போக வேண்டியது: உள்ளே தெரிகிற ஒரு லிட்டர் வெள்ளை பாட்டில், துண்டு சோப்பு, முடிந்தால் பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் (தண்ணியில் கரைஞ்ச உப்பின் அளவு) மீட்டர்.

சமையலறைக் குழாய், பாத்ரூம் குழாய், மோட்டார் பக்கக் குழாய் மூணிலும் தனித்தனியாகப் பிடிங்க. பல வீட்டில் சமையலறைக்கு மட்டும் கார்ப்பரேஷன் தண்ணீர், மத்ததுக்கு போர். வீட்டுக்காரர் காட்டுவது சமையலறைக் குழாய்.

மீட்டர் 500-க்குள் காட்டினால் குடிநீர்த் தரத்தின் விரும்பத்தக்க அளவு. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை தரம் அனுமதிக்குது. ஆனால் 1,500 தண்ணியில் குளிச்சால் தலைமுடியே சொல்லிடும். மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. 300 காட்டுதுன்னு சின்னவனுக்குக் கொதிக்க வைக்காமல் கொடுத்துடாதீங்க.

கடினத்தன்மைக்கு: கால் பாட்டில் தண்ணியில் சோப்பைச் சுரண்டிப் போட்டு இருபது தடவை குலுக்குங்க. நுரை நின்றால் சரி. நுரை இல்லாமல் மேலே தயிர் மாதிரித் திரிந்தால் கடினத் தண்ணி. ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு ஏறும், வாஷிங் மெஷினும் சீக்கிரம் படுக்கும்.

இரும்புக்கு: பாட்டிலை மூடாமல் ஒரு ராத்திரி வைங்க. பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணி காலையில் மஞ்சளாகி, அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் இரும்பு. வெள்ளை டைல்ஸ், சிங்க் ஓரத்தில் துருக்கறை இருந்தால் ராத்திரி வரைகூடக் காத்திருக்கவேண்டாம்.

அளவு: நகரத்துக்குத் திட்டமிடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கணக்கு வைப்பாங்க. நாலு பேருக்கு 540. எட்டு வீடு உள்ள அபார்ட்மென்டுக்கு 4,320. போர் வற்றினால் 12,000 லிட்டர் லாரி மூணு நாள்கூட வராது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி "தண்ணி இருக்கா" இல்லை. "போன மே மாசம் எத்தனை லாரி வாங்கினீங்க, ஒரு வீட்டுக்கு எவ்வளவு பிரிச்சீங்க?" அசோசியேஷன் நோட்டில் இருக்கும். வாட்ச்மேனுக்கு நோட்டே தேவையில்லை.

கழிவுநீரும் தண்ணீர்க் கணக்குதான். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க். எத்தனை மாசத்துக்கு ஒருமுறை லாரி வருதுன்னு கேளுங்க. மழைக்காலத்தில் மாசாமாசம் எடுக்கிறாங்கன்னா டேங்குக்குள் நிலத்தடித் தண்ணீர் ஊறுது. அந்த வீட்டு போர் தண்ணியை நான் பிள்ளைக்குக் குளிக்கக்கூட ஊத்த மாட்டேன்.

சம்ப் மூடி | ஜனவரி 15, காலை 8.05

பொங்கல் வாழ்த்து. நேத்து மறந்தது கரண்ட். தனி ஈபி மீட்டரா, வீட்டுக்காரர் வச்ச சப்-மீட்டரா? தனி மீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. சப்-மீட்டர்னா அது வீட்டுக்காரருக்கு, நீங்க யூனிட்டுக்கு அவர் சொல்கிற ரேட். ரெண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கிற சலுகை விலையும் போயிடும். 510-க்கும் 490-க்கும் பில்லில் இருபது யூனிட் வித்தியாசம் மட்டும் இருக்காது. மேல்தளம், மேற்குப் பார்த்த பெட்ரூம்னா ஏசி ஓடும், மே மாச பில்லை வாங்கிப் பாருங்க.

வெள்ளை போர்டு | ஜனவரி 17, மதியம் 2.20

ஆம்பளைங்க ரயிலும் தண்ணியும் பேசி முடிச்சாச்சா? பகல் முழுக்க அங்கே இருக்கப் போறது அந்தத் தங்கச்சியும் ரெண்டு பிள்ளைகளும். பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்குன்னு யாராவது போய்ப் பாருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாத் தெருவும் கலகலன்னுதான் இருக்கும். பால் பாக்கெட், மருந்துக்கடை, காய்கறி நடக்கிற தூரத்தில் இருக்கா? கைக்குழந்தையை இடுப்பில் வச்சுக்கிட்டு ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறி இறங்கித்தான் மருந்துக்கடைக்குப் போகணும்னா அது வீடு இல்லை, தண்டனை.

ஸ்கூல்: தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. விண்ணப்பம் இப்பவே ஓடுது. ஏப்ரலில் வந்து கேட்டால் மிச்சம் மீதிதான். அதனால் வரிசையை மாத்துங்க. முதல்ல ஸ்கூல், அதுக்கு நடக்கிற தூரத்தில் வீடு. மெட்ரிக் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு நிர்ணயிச்ச தொகை பள்ளி வாரியாக இணையத்தில் இருக்கு. அதைப் பார்த்துட்டுப் பேசப் போங்க. புக், யூனிஃபார்ம், ஸ்மார்ட் கிளாஸ்னு மேலே எவ்வளவுன்னு எழுதி வாங்கிக்குங்க.

கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடம் இருக்கு. ஜூலை 31-க்குள் மூணு வயசு முடியணும். வீட்டிலிருந்து மூணு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்கணும். வருமானம் 2 லட்சத்துக்குள்.

தடுப்பூசி: தாய் சேய் அட்டையைக் கைப்பையில் வைங்க, சாமான் லாரியில் போடாதீங்க. ஒன்பது மாச ஊசி ஊரிலேயே முடிஞ்சிரும். அடுத்தது பதினாறு மாசத்துக்கு மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவாங்க, எந்த ஊர் அட்டையா இருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் எங்கே ஓடுவோம் என்பதையும் பகலிலேயே தீர்மானிச்சு வைங்க. பெரிய விஷயத்துக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. ஆனால் ராத்திரி அங்கே போய்ச் சேர குரோம்பேட்டையிலிருந்து ஒரு நேரம், கூடுவாஞ்சேரியிலிருந்து வேற நேரம். பக்கத்தில் ராத்திரி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு மருந்துக்கடையில் கேளுங்க.

கம்பி சீட் | ஜனவரி 17, மாலை 5.40

அக்கா, மூணு இல்லை, ஒரு கிலோமீட்டர். வருமான வரம்பும் எல்லாருக்கும் இல்லை. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிச்சால்தான் 2 லட்சம். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சாதிச் சான்று கேட்பாங்க. சிறுபான்மைப் பள்ளிகள் இதில் வராது.

வெள்ளை போர்டு | ஜனவரி 17, மாலை 6.10

ஒரு கிலோமீட்டர்தான், தப்பாச் சொல்லிட்டேன். அப்படின்னா இன்னும் முக்கியம் ஆயிடுச்சு: விண்ணப்பிக்கிற நாளில் அந்த முகவரிக்கு ஆதாரம் கையில் இருக்கணும். வீடு முடிவானதும் முதல் வேலை ஒப்பந்தம், அடுத்தது ஆதார் முகவரி, அப்புறம் ரேஷன் கார்டு. சீட்டைவிட விண்ணப்பம் அதிகம்னா குலுக்கல். குலுக்கலை நம்பி வேற ஸ்கூல் பார்க்காமல் இருக்காதீங்க.

அரசுப் பள்ளி வேண்டாம்னு யாரும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லாதீங்க. ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சு வரைக்கும் காலைச் சாப்பாடும் உண்டு. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு காலை ஏழரை மணியின் அருமை தெரியும்.

ரெண்டு கிரவுண்ட் | ஜனவரி 18, இரவு 8.00

எல்லாம் சரி, வாடகை திரும்பி வராத காசுதானே. ஊரப்பாக்கம் உள்ளே மனை இன்னும் கைக்கு எட்டுகிற விலைதான்.

அடையாத்தங்கரை | ஜனவரி 18, இரவு 8.35

வாங்கட்டும், ஒரு ஐப்பசி கார்த்திகை அங்கே வாடகைக்கு இருந்து பார்த்துட்டு வாங்கட்டும். பதினோரு மாச வாடகை வெள்ளக் காப்பீட்டு பிரீமியம்னு வச்சுக்குங்க.

வாங்கறவங்களுக்கு ஒரு வழி. மனையின் சர்வே எண்ணை மட்டும் பார்க்காதீங்க, சுத்தி இருக்கிற எண்களையும் பாருங்க. வருவாய்த் துறை இ-சேவையில் அ-பதிவேடு எடுத்தால் நில வகை வரும். பக்கத்து எண்ணில் ஏரி, வாய்க்கால், ஓடைன்னு இருந்தால் இன்னைக்கு அங்கே ரோடு இருந்தாலும் தண்ணிக்குப் பழைய வழி மறக்காது. புறம்போக்கான்னு தனியாகச் சரிபார்க்கவும் அதே தளத்தில் இடம் உண்டு. நகர நில அளவைக்குப் போன பகுதியில் எண் முறை வேற, வார்டு, பிளாக் கேட்கும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள்) பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுத்தி வாங்குறவங்க எல்லையைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

மூணாவது பிளாட்பாரம் | ஜனவரி 18, இரவு 9.00

இழை கிண்டிக்குத் திரும்பட்டும். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்தவர்கள் தனி இழை திறங்க, அங்கே பெரும்பகுதியில் ரயிலே இல்லை, கணக்கே வேற.

சம்ப் மூடி | ஜனவரி 20, காலை 7.30

ஒப்பந்தம் பத்தி யாரும் சொல்லலை. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிற வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதியணும், மூணு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆறு மாசம் கேட்டால் சட்டத்தைக் காட்டுங்க.

மூணாவது பிளாட்பாரம் | ஜனவரி 20, காலை 7.52

காட்டினால் அவர் அடுத்த வரியைக் காட்டுவார். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வேற மாதிரி எழுதினால் மூணுக்கு மேலும் வாங்கலாம்னு அதே பிரிவில் இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். அதனால் எழுதுறதுக்கு முன்னாடி பேசுங்க. ஆறைக் குறைக்கலைன்னா பெயின்டிங்குக்குப் பிடிக்கிற தொகையை எண்ணால் எழுதச் சொல்லுங்க. "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை" என்கிற வரி பல ஒப்பந்தத்தில் ஏற்கெனவே அச்சடிச்சே இருக்கும்.

வாடகை மாசம் 8,333-ஐத் தாண்டினால், அதாவது வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல், எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) கழிவுக்கு வீட்டுக்காரர் பான் எண் வேணும். பழைய வரிமுறையில் இருக்கிறவங்க முதல் சந்திப்பிலேயே கேளுங்க. அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் "பான் கார்டு ஊரில் இருக்கு".

புதுக்குடித்தனம் | பிப்ரவரி 9, இரவு 10.20

சனி, ஞாயிறு ரெண்டு நாள் போய் ஏழு வீடு பார்த்தேன். சுருக்கமா:

கூடுவாஞ்சேரி வீடு: டிடிஎஸ் மீட்டர் 1,380. சோப்பு திரிஞ்சுது. மே மாசம் அபார்ட்மென்டுக்கு ஒன்பது லாரி. போட் வரலை, ஆனால் ஸ்டேஷன் போற வழியில் ஒரு இடத்தில் முழங்கால் தண்ணி நிற்குமாம்.

குரோம்பேட்டை வீடு: ரோடு வாசலைவிட முக்கால் அடி உயரம். காம்பவுண்டின் பின்பக்கம் பழுப்புக் கோடு இருக்கு, என் முழங்கால் உயரம். வீட்டுக்காரர் அது பாசின்னார்.

சானடோரியத்தில் ஒண்ணு கிடைச்சிருக்கு. முதல் மாடி, 15,000, ஸ்டேஷன் 900 மீட்டர், தண்டவாளம் தாண்டவேண்டாம். சமையலறையில் கார்ப்பரேஷன் தண்ணி, போர் 640. தனி ஈபி மீட்டர். தெருவில் போட் வரலைன்னு இஸ்திரிக்காரர், டீக்கடை ரெண்டு பேரும். நடக்கிற தூரத்தில் ரெண்டு ஸ்கூல், ஒண்ணில் விண்ணப்பம் போட்டாச்சு. அட்வான்ஸ் அஞ்சு மாசத்துக்கு இறங்கியிருக்கார். வீடு சின்னது, ரெண்டாவது பெட்ரூமில் கட்டில் போட்டால் பீரோ போட முடியாது.

மூணாவது பிளாட்பாரம் | பிப்ரவரி 9, இரவு 10.31

பீரோவை ஊரிலேயே விடுங்க. காலையில் கம்பி வேண்டாம்னா ஒரு ஸ்டேஷன் பின்னாடி தாம்பரம் போய் ஏறலாம், அங்கேயிருந்து வண்டி நிறைய.

வெள்ளை போர்டு | பிப்ரவரி 9, இரவு 10.45

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? மாடிப்படியில் கம்பி இடைவெளி? மூத்தவள் தலை நுழைகிற அளவா?

சம்ப் மூடி | பிப்ரவரி 9, இரவு 10.58

சம்ப் (தரைக்கு அடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி) எங்கே இருக்கு, மூடி என்ன?

புதுக்குடித்தனம் | பிப்ரவரி 10, காலை 6.40

கைப்பிடிச் சுவர் என் நெஞ்சளவு. மாடிப்படிக் கம்பி நாலு விரல் இடைவெளி. சம்ப் கேட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் விளையாடுற இடம். மூடி தகரம், ஒரு ஓரம் துரு.

சம்ப் மூடி | பிப்ரவரி 10, காலை 6.55

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அதை மாத்தச் சொல்லுங்க. துருப்பிடிச்ச தகரம் பார்க்க முழுசாத் தெரியும், மேலே ஏறி நின்னால் உள்ளே போயிடும். வார்ப்பிரும்பு மூடி, இல்லாட்டி கனமான தகட்டுக்கு அடியில் ஆங்கிள் கம்பி வெல்டிங் வச்சது. ஃப்ரேம் காங்கிரீட்டில் பதிஞ்சிருக்கணும், சும்மா மேலே வச்சது கூடாது. ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் கொண்டி, பூட்டு. லாரிக்காரர் ஹோஸ் விட்டுட்டுப் பூட்ட மறந்துட்டுப் போவார், அதனால் ஒரு சாவி உங்க வீட்டில் இருக்கணும். செலவு வீட்டுக்காரர் தர மாட்டேன்னா பாதிப் பாதி போடுங்க, ஆனால் சாமான் இறங்குற நாளுக்கு முன்னாடி வேலை முடியணும்.

புதுக்குடித்தனம் | பிப்ரவரி 12, இரவு 8.15

வெல்டிங் கடைக்காரர் அளவு எடுத்துட்டுப் போயாச்சு, ரெண்டடிக்கு ரெண்டடி. வீட்டுக்காரர் முழுசும் தர்றேன்னுட்டார், அவருக்கும் பேத்தி இருக்காம். சாவி ரெண்டு.